தராசுக்குப் பக்கத்து இடம்

எங்கள் தெருமுனைக் கடையின் போர்டு, நான் பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு நான்கு முறை மாறிவிட்டது. முதலில் ஒரு சோப்புக் கம்பெனி, அப்புறம் ஒரு கலர் சோடா கம்பெனி, அப்புறம் டீத்தூள், இப்போது சிம் கார்டு. அவர்களே வந்து ஓசியில் மாட்டிவிட்டுப் போவார்கள். முக்கால்வாசி கம்பெனி பெயர், ஓரத்தில் பொடி எழுத்தில் கடைப் பெயர். அந்தப் பெயர் என்னவென்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணாச்சி கடை, அவ்வளவுதான்.

சமையல் வீடியோ போட்டு, கம்பெனிகளிடம் காசு வாங்கிப் பிழைக்கிற எனக்கு அந்தப் போர்டை ஒழுங்காகப் பார்க்க ஆறு வருஷம் ஆயிற்று.

2019-இல் ஆரம்பித்தேன். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். வேறு மாதிரி பேசத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆட்களைக் கூட்டி வந்தது சொதி. கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கம் வைக்கிற சொதி. தேங்காயை அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, முதல் பாலைத் தனியே மூடி வைத்துவிட வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேக வேண்டும். குழைந்த பாசிப்பருப்பும் இஞ்சிச் சாறும் சேர்ந்த பிறகு, கடைசியில் முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகுதான். "கொதிச்சிட்டுன்னா போச்சு, திரிஞ்சிரும், மாப்பிள்ளை முன்னால மானம் போயிரும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். அடுத்த கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "மானம் போயிருமா?" என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. முதலில் ஒரு நல்லெண்ணெய். சந்தோஷத்தில் எழுதிக் கொடுத்ததை எல்லாம் ஒப்பித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கடலை எண்ணெய், அதற்கும் ஒப்பித்தேன். ஒப்பந்தப்படி தப்பில்லை, போட்டி எண்ணெய் கூடாது என்ற கெடு முடிந்திருந்தது. திருநெல்வேலி டவுனிலிருந்து அம்மா போன் செய்தாள். "ஏட்டி, அன்னைக்கு நல்லெண்ணெய் இல்லாம எங்க வீட்ல அடுப்பே எரியாதுன்ன. இன்னைக்குக் கடலெண்ணெய்ங்க. உன் வீட்ல எத்தனை அடுப்பு எரியுது?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்கடுத்து ஒரு மசாலா. அவர்களுடைய நிறம் சிவப்பு. சிவப்புத் திரைச்சீலை, சிவப்பு ஏப்ரன், சிவப்பு டப்பாக்கள் எல்லாம் பார்சலில் வந்தன. ஜன்னலில் மாட்டி மூன்று வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்த சின்ன மாமனார் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கட்சியில சேந்துட்டியளா?" என்றார். கம்பெனிக்காக வீடியோ ஏற்பாடு செய்கிற பெண் சென்னையிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டும் அனுப்பியிருந்தாள். 'ஹாய் மக்களே' என்று ஆரம்பம். "என்ன செய்யுதீய?" என்றுதான் நான் ஆரம்பிப்பது வழக்கம் என்றேன். "செய்யுதீய மத்த ஊருக்குப் புரியாது மேம்" என்றாள். பாவம், அவள் மேலும் தப்பில்லை. அவளுக்கு மேலே நாலு பேர். இப்போதெல்லாம் ஸ்கிரிப்ட் வேண்டாம், சொல்ல வேண்டியதை மூன்று வரியில் கொடுங்கள், மிச்சம் என் வாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

எனக்குக் கைகொடுத்தது, யாரும் எதிர்பார்க்காத இடம், சட்டம். 2021-இல் விளம்பரத் தரக் கவுன்சிலும், 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் எங்களைப் போன்றவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டன. காசோ பொருளோ வாங்கியிருந்தால் சொல்லியாக வேண்டும். வீடியோவில் கண்ணுக்கும் தெரிய வேண்டும், காதிலும் விழ வேண்டும், பேசுகிற மொழியிலேயே இருக்க வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பேசுகிற மொழி என்றால் எனக்கு, "இது துட்டு வாங்கிட்டுப் பண்ணுத வீடியோ, பாத்துக்கிடுங்க" தான். ஒரு கம்பெனி அரண்டே போய்விட்டது, 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்று நாசூக்காகச் சொல்லக்கூடாதா என்றார்கள். இன்றைக்கு அந்த வரிக்குத்தான் ஜனங்கள் சிரிக்கிறார்கள். (ஓசிப் பொருளுக்கும் கணக்கு உண்டு. ஒரே கம்பெனியிடமிருந்து வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் வரிப் பிடித்தம், 2022 ஜூலையிலிருந்து. வேலை முடிந்து திருப்பி அனுப்பிவிட்டால் இல்லை. கிரைண்டர் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வரிக்காக இல்லை, வைக்க இடம் கிடையாது.)

சரி, அண்ணாச்சிக்கு வருகிறேன். ஒருநாள் துவரம் பருப்பு கேட்டு நின்றேன். "யம்மா, இந்தச் சரக்கு சீக்கிரம் வேவாது. கால் கிலோ கொண்டு போங்க, அடுத்த வாரம் புதுசு வருது" என்றார். அவரிடம் ஏழெட்டுக் கம்பெனி எண்ணெய் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஸ்டாண்டு கொடுத்து, சரம் தொங்கவிட்டு, கடையையே அடைத்திருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் ஒரு முழ இடம் மட்டும் சும்மா கிடக்கும். அங்கே ஓலைக் கொட்டானில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கும், சில நாள் நல்ல புளி இருக்கும். அதற்கும் ஒரு பிஸ்கட் கம்பெனி மாத வாடகை பேசிப் பார்த்ததாம். "அந்த இடத்த மட்டும் யாருக்கும் குடுக்கதில்ல" என்றார், கருப்பட்டியை உடைத்துக்கொண்டே. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன ஆடியில் ஒரு தேங்காய்ப்பால் பவுடர் கம்பெனி கூப்பிட்டது. சொதியை அவர்கள் பவுடரில் செய்து காட்ட வேண்டும். அதுவரை நான் வாங்காத தொகை. ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். பவுடர் மோசமில்லை, குருமாவுக்கு நன்றாகவே இருந்தது, காலை அவசரத்தில் ஆப்பத்துக்கும் ஓடியது. சொதியும் வைத்தேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளவில்லை.

குருமா செய்கிறேன், சொதி செய்யமாட்டேன் என்று எழுதினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. வீட்டுக்காரர் காலண்டரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் வந்தது பதில்: குருமாவே இருக்கட்டும், தொகையில் கால்வாசி குறையும். குறையட்டும் என்று செய்து கொடுத்தேன்.

போன வாரம் அண்ணாச்சி கடைக்குப் போனபோது அந்தப் பவுடர் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "நீங்க சொன்னியளேன்னு பத்துப் பாக்கெட் வாங்கிப் போட்டேன். குருமாவுக்குன்னு சொல்லித்தான் குடுக்கேன்" என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டு தேங்காய் என்றேன். மேலே கிடந்ததை ஒதுக்கிவிட்டு, அடியில் கைவிட்டு எடுத்து, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.