எலி கடித்த டிராக்டரும் நான் தண்டமாக வாங்கிய பேட்டரியும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாளடி அறுவடை முடிந்ததும் டிராக்டரைக் கொட்டகையில் விட்டவன், மே மாதம் கோடை மழை பெய்த மறுநாள்தான் திரும்ப சாவியைப் போட்டேன். மீட்டர் போர்டில் விளக்கு எரிந்தது, டீசல் முள் ஏறியது. இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றவில்லை. டிக் என்று ஒரு சத்தம்கூட இல்லை.

இங்கேயே நான் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் அடிக்கும்போது டிக் டிக் என்று கேட்கும், விளக்கு மங்கும். எனக்கு விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. அப்படியென்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃபுக்குப் போகும் கட்டளைதான் வழியில் நின்றுவிட்டது. இதெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு போன் போட்டு எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன்.

வந்தவர் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பேட்டரி மூடியைத் தட்டிப் பார்த்தார். "மூணு மாசம் நிப்பாட்டிட்டீங்க, பேட்டரி செத்துப்போச்சு" என்றார். பழையதை எடுத்துக்கொண்டு புதிதை வைத்தார். மேற்கொண்டு ஆறாயிரத்துச் சொச்சம் என் கையிலிருந்து போனது. பேட்டரி வாங்கும் தேதியை அதன் பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டால் எழுதி வைப்பது என் பழக்கம். அந்தப் பழைய பேட்டரிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

புதிய பேட்டரிக்கும் செல்ஃப் சுற்றவில்லை. "அப்ப ஒயரும் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து, நடுவில் ஹாரன் பட்டன் ஒன்றைப் போட்டு, செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு சுவிட்சில் கொடுத்தார். அமுக்கியதும் இஞ்சின் பிடித்தது. நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்து அனுப்பினேன்.

அந்த பட்டன் வேலையை யாரும் செய்துகொள்ளாதீர்கள். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் சுற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரன் அங்கே ஒரு சுவிட்ச் வைத்திருப்பது சும்மா இல்லை. மறுநாள் காலையில் கியரில் இருப்பதை மறந்து, கீழே நின்றபடியே பட்டனை அமுக்கினேன். வண்டி ஒரு முழம் பாய்ந்து கொட்டகையின் கீற்றுத் தட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் பக்கவாட்டில் நின்றதால் பிழைத்தேன். பெரிய சக்கரத்துக்கு முன்னால் நின்றிருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

இரண்டு இரவு ஹெட்லைட் போட்டு உழுதேன். நடுநடுவே ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தது. திரும்ப வந்த எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி இழை ஒன்றைச் சுற்றிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் புதிய பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. "டைனமோ போச்சு, மாத்தணும்" என்றார். இஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது அதுதான். இந்த முறை உடனே தலையாட்டவில்லை. டைனமோவைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டு போனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் வேறு போட்டார். கடையில் ஒரு பெரியவர் அதை மேசையில் மாட்டி ஓட்டிக் காட்டினார். 14 வோல்ட்டுக்கு மேல் வந்தது. "டைனமோ நல்லாத்தான் இருக்கு தம்பி, வண்டியில ஒயரைப் பாருங்க" என்றார். காசு வாங்கவில்லை. ஒரு நாள் போனாலும் இந்த ஒரு அலைச்சலுக்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை.

திரும்ப மாட்டி, பேட்டரியை சார்ஜ் ஏற்றி ஓட்டியபோதுதான் காலுக்குக் கீழே ரப்பர் கருகும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் பிளாட்பாரத்துக்கு அடியிலிருந்து புகை. மைனஸ் டெர்மினலைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் அடங்கியது. ஃப்யூஸ் இருந்திருந்தால் அது போயிருக்கும். அது போக வேண்டிய இடத்தில் கம்பி நின்றதால் ஒயர் எரிந்தது. அதை ஒட்டித்தான் டீசல் பைப்பும் போகிறது.

ஷோரூம் சர்வீஸில் சொன்ன பதில் ஒரே வரிதான்: எலி கடித்திருக்கும், முழு ஒயரிங் செட்டையும் மாற்றணும், ஸ்டாக் இல்லை, முழுப் பணம் கட்டினால் இருபது நாளில் வரும். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக்குச் சேறு அடிக்க வண்டி வேண்டும். இருபது நாளுக்கு எங்கே போவது?

கடைசியில் அக்கா மகன்தான் வந்தான். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். முதலில் சாவியைப் போடச் சொன்னான். போர்டைப் பார்த்துவிட்டு, "மாமா, சார்ஜ் லைட் எரியலையே, கவனிச்சீங்களா?" என்றான். கவனிக்கவில்லை. எல்லா விளக்கும் எரிகிறது என்று இத்தனை நாள் நானாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாவி போட்டதும், இஞ்சின் ஓடாதபோது, சிவப்பாக அந்த பேட்டரி விளக்கு எரிந்தாக வேண்டும். அந்த பல்ப் வழியாகப் போகும் சின்ன கரண்ட்தான் டைனமோவைக் கிளப்பிவிடுகிறது. அந்த ஒயர் அறுந்தால் டைனமோ நன்றாக இருந்தும் சார்ஜ் செய்யாது.

அவன் கொண்டுவந்த ஆயுதம் 12 வோல்ட் பல்ப் ஒன்று, இரண்டு ஒயர், ஒரு கிளிப். ஐம்பது ரூபாய் பெறாது. கிளிப்பை வண்டியின் இரும்பு உடம்பான சேஸிஸில் மாட்டி, இன்னொரு முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனான். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் சுவிட்சுக்கு வரும் இடத்தில் பல்ப் எரிந்தது, சுவிட்சைத் தாண்டியும் எரிந்தது, சொலினாய்டில் எரியவில்லை. ஆக, கோளாறு அந்த இரண்டடிக்குள். பிளாட்பாரத் தகட்டைக் கழற்றினோம்.

கியர் பாக்ஸ் மேலே ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தியிருக்கிறது. வைக்கோல், சாக்கு நார், யூரியாப் பையின் துணுக்கு, என் பழைய துண்டின் கரை. ஒயர் கட்டு மேலிருந்து பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. டேப் கூடப் பிரியவில்லை. அவன் என் கையைப் பிடித்து அடியில் தடவச் சொன்னான். விரலில் செம்பு குத்தியது. எலி அடிப்பக்கமாக உட்கார்ந்து கடித்திருக்கிறது. பதினோரு ஒயரில் நான்கு அறுந்து, மூன்று தோல் உரிந்து கிடந்தன. செல்ஃப் ஒயர், சார்ஜ் லைட் ஒயர், இண்டிகேட்டர் ஒயர் இரண்டு, இந்த நான்கும் துண்டு. ஹெட்லைட் ஒயர் தோல் உரிந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் சேஸிஸில் உரசியிருக்கிறது. அதனால்தான் நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஃப்யூஸ் போகவில்லை, வயலில் இறங்கினால் போனது. எலி ஒரு ஒயரோடு நிறுத்துவதில்லை என்பதால் ஒன்றைக் கண்டுபிடித்ததும் மூடிவிடாதீர்கள், முழுக் கட்டையும் அடியில் தடவிப் பாருங்கள்.

கூட்டை வெறுங்கையால் அள்ளப் போனேன், தடுத்துவிட்டான். எலி மூத்திரத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டு அள்ளினோம்.

வேலை ஒன்றரை நாள். மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தோம். அதே நிறத்தில் ஒயர் கிடைக்கவில்லை, ஆகவே வெட்டும் முன்பே ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டி எண் எழுதினான். கனம் மட்டும் பழையதற்குக் குறையாமல் பார்த்து வாங்கினோம். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வந்தால் கட்டு வீங்கி ஒன்றோடொன்று உரசும் என்று நாலு விரல் தள்ளித் தள்ளி ஒட்டினான். முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல், ஈயம் வைத்து, சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவ் போட்டான். சாதா டேப் இஞ்சின் சூட்டில் பசை கக்கி அவிழ்ந்துவிடும். ஹாரன் பட்டனைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கம்பி இழையையும்தான். சரியான ஃப்யூஸ் பத்து ரூபாய்.

சாவியைப் போட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது. கிளட்ச் மிதித்துத் திருப்பியதும் ஒரே சுற்றில் பிடித்தது, விளக்கு அணைந்தது. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 14.1. மாமாவும் மருமகனும் கை தட்டிக்கொண்டோம். வெட்கமாக இல்லை.

அப்புறம் எலிக்கு வழி. பாச்சை உருண்டை போட்டேன், அதன் பக்கத்திலேயே புழுக்கை கிடந்தது. மருந்து வைத்தால் எலி வண்டிக்குள் புகுந்து செத்து நாறும், எங்கள் வீட்டுப் பூனையும் போய்விடும். கொட்டகையில் அடுக்கியிருந்த வைக்கோலை வெளியே மாற்றியதும், வண்டி நிற்கும்போது பானெட்டைத் திறந்தே வைப்பதும்தான் பலன் கொடுத்தது. எலி பிடிக்கக் கிட்டி வைப்பவரை வரச் சொன்னேன். கொட்டகையைச் சுற்றி முதல் ராத்திரியே மூன்று விழுந்தன. இப்போது பத்து நாளுக்கு மேல் நிறுத்தினால் மைனஸைக் கழற்றிவிடுகிறேன்.

தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்கு முன்பே வண்டி தயார். சேறு அடித்து முடித்த வாரம், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டர் டீக்கடை வாசலில் நின்றது. "பேட்டரி செகண்ட்ஸ்ல கிடைச்சுது, அருமையா இழுக்குது" என்று எலக்ட்ரீஷியனைப் புகழ்ந்துகொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில், என் கையெழுத்தில், தேதி.