ஒரே மிதி

குன்னூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் பல வருடம் அட்வைசராக இருந்தேன். அதில் என் மனதை விட்டுப் போகாதது ரீகால் வந்த அந்த மூன்று மாதம். பிக்கப் வண்டிகளின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகத்தில், ரப்பர் சீல் சரியில்லை, இலவசமாக மாற்றிக் கொடுங்கள் என்று கம்பெனியிலிருந்து பட்டியல் வந்தது. எங்கள் பங்குக்கு 41 சேஸிஸ் நம்பர்.

அந்தக் கோளாறு வெளியே தெரியாது. பிரேக் ஆயில் ஒழுகாது, அதன் டப்பாவில் அளவும் குறையாது. சட்டென்று மிதித்தால் வண்டி நின்றுவிடும். காலை எடுக்காமல் மெதுவாக அழுத்திப் பிடித்தால்தான் ஆயில் சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே நழுவும், பெடல் இறங்கும். சமவெளியில் அப்படிப் பிடிக்க வேண்டிய தேவை குறைவு. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டியில் 36. லோடு வண்டி கியரில் இறங்கினாலும் பெடலில் கால் இருக்கும். பட்டியலைப் படித்தபோதே எனக்கு வயிறு கலங்கியது.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ரீகாலுக்கென்றே 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் பட்டியலில் இருந்ததெல்லாம் வண்டியை முதலில் வாங்கியவரின் முகவரி. மலையில் பிக்கப் அடிக்கடி கைமாறும்.

39 வண்டி வந்தது. "95 சதவீதம் ஆச்சு, போதும்" என்றார் மேலே இருந்தவர். எனக்கு அந்த வார்த்தை இன்றும் பொறுக்கவில்லை. மீதி இரண்டில் ஒன்று ஈரோடு பக்கம் போயிருந்தது. அங்கே தகவல் சொல்லிவிட்டோம். இன்னொன்றை மூன்று கை தாண்டித் தேடி, கேத்தி பாலாடாவில் கண்டுபிடித்தேன். கேரட் கழுவி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பிரேக் பிடிக்குதே தம்பி, எதுக்கு லோடை விடணும்?" என்றார் டிரைவர் அண்ணன்.

வாதாடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை லேசாக அழுத்தி அப்படியே பிடிக்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினைந்தைத் தாண்டுவதற்குள் அவர் கால் தரை வரை போய்விட்டது. எடுத்து மறுபடி மிதித்தார், மேலேயே நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பர்லியார் இறக்கத்துல எப்பவும் ரெண்டு தடவை மிதிப்பேன். வண்டிக்கு வயசாச்சுன்னு நினைச்சேன்."

எத்தனை மாதமாக அப்படி மிதித்தாரோ! வண்டியின் குற்றத்தைத் தன் காலால் சரிக்கட்டியிருக்கிறார். ரீகால் படிவத்தில் இதைக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. அன்றிலிருந்து பிரேக் வேலைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "ரெண்டு தடவை மிதிக்கிறீங்களா?"

மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றினோம். மறுநாள் மெக்கானிக்கை அங்கேயே கூட்டிப்போய் சிலிண்டரை மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் லைனிலும் புகுந்த காற்றை வெளியேற்றினோம். கழற்றிய சீலை அண்ணன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விளிம்பு ஊதி, ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

அடுத்த லோடோடு மலை இறங்கியபோது, அடிவாரத்துக் கல்லாறிலிருந்து போன் செய்தார். "ஒரே மிதிதான் தம்பி."