அந்தப் பதின்மூன்று நாள்

இறந்தவர்களின் கணக்கை முடிக்கும் வேலை எங்கள் வங்கிக் கிளையில் 11 வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. டெத் கிளெய்ம் என்போம். யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்கிற மேஜை இல்லை. கூட்டம் குறைவாக இருக்குமே என்று நான்தான் தலையாட்டினேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் காரியம் முடிந்த கையோடு வருவார்கள். மஞ்சள் பையில் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், ஒன்றுக்கு நாலு ஜெராக்ஸ். "நாமினி போட்டிருக்காரா?" இதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது. போட்டிருந்தால் சுலபம், படிவத்தோடு சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் போதும், 15 நாளுக்குள் முடித்துத் தரவேண்டும். போடாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம், அப்புறம் மற்ற வாரிசுகளின் கையெழுத்து, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீடாக இருந்துவிட்டால் அது தனிக் கதை. நாமினி மற்றவர்கள் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், பங்கு எல்லா வாரிசுக்கும் உண்டு என்று சொல்லப்போய் என் மேஜை முன்னாலேயே சண்டை நடந்திருக்கிறது.

பென்ஷன் வாங்கியவர் என்றால் இன்னொன்றும் உண்டு. இறந்த நாள் வரைக்கும்தான் அவருக்குப் பென்ஷன். தகவல் தெரியாமல் முழு மாதப் பணம் ஏறியிருந்தால் மீதி நாட்களுக்கானதைத் திரும்ப எடுப்போம். ஒரு பையன் "செத்தவர்கிட்டயே பிடுங்குறீங்களா மேடம்?" என்று கத்திவிட்டான். நான் குரலை உயர்த்தாமல் விதியை எடுத்துக் காட்டினேன். அன்றைக்கு நிதானமாகச் சமாளித்தேன் என்று எனக்கே ஒரு பெருமை.

என் அப்பா போன பங்குனியில் தூக்கத்திலேயே போய்விட்டார். மார்ச் 18. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் கணக்கு என் கிளையில்தான். பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். யாரும் எதுவும் பேசவில்லை, நான் வருவதைப் பார்த்து ஆளாளுக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். தப்பாக நினைக்கவில்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். புதிதாகச் சேர்ந்த கிளார்க் பெண் மட்டும் "சாப்டீங்களா மேடம்?" என்றாள். அது போதுமாக இருந்தது.

சொந்த வீட்டு கிளெய்மை நானே பார்க்கக் கூடாது. அதனால் சக அதிகாரி ஒருவர் என் நாற்காலியில் உட்கார, நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். அப்பா என்னை நாமினியாகப் போட்டிருந்த டெபாசிட் ஒன்று இருந்தது. எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்த படிவம்தான், ஆனால் 'இறந்த தேதி' என்ற இடத்தில் இரண்டு தடவை தப்பாக எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் புதுப் படிவத்தை நகர்த்தி வைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மார்ச் பென்ஷன் முழுசா ஏறியிருக்கு... 13 நாள் பணம்..." என்று இழுத்தார். துக்க வீட்டில் வங்கிக்குச் சொல்லவேண்டும் என்று வங்கிக்காரி எனக்கே தோன்றவில்லை. விதி சரிதான். ஆனால் அந்தப் பதின்மூன்று நாளையும் யாரோ வந்து அப்பாவிடமிருந்து எண்ணிக் கழித்துக்கொண்டு போவதுபோல இருந்தது. அந்தப் பையன் எதற்காகக் கத்தினான் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. நாமினி கேள்வியை இரண்டாவதாகக் கேட்கிறேன். முதலில் "அப்பா பேர் என்ன?" என்று கேட்கிறேன். பேரைச் சொன்னதும் சிலர் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டினாலும் சரி. கணக்கை முடித்து சீல் அடித்த பழைய பாஸ்புக்கைக் கிழிக்காமல் கையில் கொடுக்கிறேன். அப்பாவுடையதன் கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருக்கிறார், பென்சிலில்.

அழுகைக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. வீட்டில் அவர் போட்டோவைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. பாஸ்புக் பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தத்தில் கண் நிறைந்துவிடும்.

நவம்பரில் பென்ஷன்காரர்கள், உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார்கள். வருடக்கணக்கில் இரும்பை ராவிய அப்பாவின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மிஷின் எடுக்காது. துடைத்துத் துடைத்து வைப்பார், ஒவ்வொரு விரலாக மாற்றுவார். "இன்னும் இருக்கேன்னு நீயே எழுதிக்கோம்மா" என்பார்.

இந்த நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மா முதல் முறையாக வந்தார். விரலை வைத்ததுமே மிஷின் எடுத்துக்கொண்டது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதானா? உங்கப்பாவுக்கு அரை மணி நேரம் ஆகுமே."