மலையேறும் முன் எடை மேடை: கேரவனில் வடாற்காடு ஒரு சுற்று

வேனை வீடாக மாற்றியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று ஆசையாகச் சொல்வார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கூரை மேல் சோலார். மொத்தம் எத்தனை கிலோ என்று கேட்டால் மட்டும் பதில் வராது. என்னைக் கேட்டால் முதலில் தெரிய வேண்டியது அந்த எண்தான். டயர் எத்தனை நாள் வரும், மலை இறக்கத்தில் பிரேக் நிற்குமா, பின்னால் டிரெய்லர் கட்டலாமா, நடுவழியில் நின்றுபோனால் எதை வைத்து இழுப்பது, எல்லாவற்றுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது காட்பாடியில். இந்தத் தடவை ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர், ஏலகிரி, காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர், கண்ணமங்கலம் என்று ஒரு வட்டம் போட்டோம். 1989 வரை இது மொத்தமும் வடாற்காடு என்ற ஒரே மாவட்டம். இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களைத் தொட்டுவர வேண்டும். எங்களோடு குடியாத்தத்தில் இருந்து சித்தப்பா மகன் அவனுடைய பொலீரோவில், பின்னால் ஒரு சின்ன டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வந்தான். கேரவன் வைத்திருப்பவர்கள் பழகிக்கொள்ள இதைவிட நல்ல பாதை கிடையாது என்பேன். கொதிக்கிற சமவெளி, அதிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும் மலை, இரண்டும் ஒரே சுற்றில் வந்துவிடும்.

முதலில் போனது ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் உள்ள ஒரு எடை மேடைக்கு. லாரிகள் வரிசையில் நிற்க, நடுவே ஜன்னலில் திரை போட்ட எங்கள் வேன். சீட்டு போடுகிற தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, உள்ள என்ன லோடு?" என்றார். "வீட்டுச் சாமான்தான் தம்பி, முழு வண்டியா ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை போடுங்க" என்றேன். புரிந்துகொண்டு பொறுமையாகப் போட்டுக் கொடுத்தார். எடை போடும்போது டீசல் முழுக்க இருக்க வேண்டும், தண்ணீர் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், சிலிண்டர், துணிமணி, பாத்திரம், ஏறப்போகிற ஆட்கள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். காலி வண்டியின் எடை எதற்கும் உதவாது. மொத்தத்தில் முன் அச்சைக் கழித்தால் பின் அச்சின் எடை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் அதன் வரம்பைத் தாண்டி நிற்கிற வண்டிகள் நிறைய உண்டு. தண்ணீர் டேங்க், பேட்டரி, அலமாரி எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய் வைப்பதால் வருகிற வினை அது.

எடை எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட்டே முப்பது கிலோவுக்கு மேல் வரும், கார்பென்டர் பழக்கதோஷத்தில் வீட்டு வார்ட்ரோப் மாதிரி நாலைந்து ஷீட் போட்டுவிடுவார். 150 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவை நெருங்கும். லெட் ஆசிடின் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே அதில் நமக்குக் கிடைப்பது பாதிதான். அதே பயன்பாட்டுக்கு 100 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடிந்துவிடுகிறது. விலை அதிகம்தான், ஆனால் கேரவனில் காசு போட வேண்டிய இடம் அது. அப்புறம், இப்படியெல்லாம் மாற்றிய வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது ஆகாது.

எடை தெரிந்த பிறகுதான் டயருக்குக் காற்று. வேலூரில் சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரி தாண்டுவது சாதாரணம், தார் ரோடு அதைவிடச் சூடு. காலையில் வண்டி அசைவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். ஓடிச் சூடான டயரில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அது இயல்பு. அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால், ஆறியபின் டயர் குறைந்த காற்றில் நிற்கும். குறைந்த காற்றும் அதிக எடையும் சேர்ந்தால் பக்கவாட்டுச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ஹைவேயில் டயர் வெடிப்பதற்கு வெயிலைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் காரணம் காற்றுக் குறைவுதான்.

கேரவன் டயருக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. அது தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். ஓடுவதைவிட நிற்பது அதிகம் அல்லவா? குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீளமான எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும், விரலால் அழுத்தினால் மயிரிழை போல வெடிப்பு தெரிகிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் டயர்க்கடையில் கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னிக்கும் வயது உண்டு.

ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 48ல் மேற்கே திரும்பினோம். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர். சீரக சம்பா பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. அதைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. வண்டியை ஊருக்குள் கொண்டுபோகாமல் ஹைவே ஓரக் கடையிலேயே சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். கூரை ஏசி வைத்த வேன் மூன்று மீட்டர் உயரத்தைத் தொடும். ரயில்வே சப்வே, தாழ்ந்த கரண்ட் கம்பி, புளிய மரக்கிளை எல்லாம் அந்த உயரத்தில்தான் காத்திருக்கின்றன. உயரத்தை டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் யார் ஓட்டினாலும் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பகுதியில் கவனமாக இருக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆகவே கண்ட போர் தண்ணீரை டேங்க்கில் பிடிக்காதீர்கள். வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள், குடிக்க மட்டும் தனி கேன். உப்புத் தண்ணீர் பம்ப்பையும் ஷவர் துளைகளையும் அடைத்துவிடும். நம் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடும்போதும் இந்த ஆற்றை நினைக்க வேண்டும். ஏரிக்கரையிலும் ஓடையிலும் சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டாய்லெட் டேங்க் பற்றிச் சொல்லவே வேண்டாம். கழிவறை உள்ள பங்க்கிலோ லாட்ஜிலோ கேட்டு அங்கே கொட்ட வேண்டும்.

வாணியம்பாடியில் இருந்து திருப்பத்தூர் ரோட்டில் பொன்னேரி போய், அங்கிருந்து ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தம்பி டிரெய்லரை வாணியம்பாடியில் மாமா வீட்டில் கழற்றி வைத்துவிட்டான். சரியான முடிவு. வளைவில் டிரெய்லர் சக்கரம் இழுக்கும் வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கம் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்கவும் இடம் இருக்காது.

ஏறுவது இன்ஜின் வேலை. டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஏசியை அணைத்துவிட்டுப் போனால் ஏறிவிடும். இறங்குவதில்தான் ஓட்டுநரின் வேலை இருக்கிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, இன்ஜினை அணைப்பது இரண்டும் கூடவே கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்தே போய்விடும். காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 என்ற ரகத்தில் புது ஆயில் கொதிக்க 205 டிகிரி வேண்டும், டாட் 4க்கு 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140, 155 என்று விழுந்துவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவி நசுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. கேரவன் வருடத்துக்குக் கொஞ்சம்தானே ஓடுகிறது என்று ஆயில் மாற்றாமல் விடுகிறார்கள். கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

இறங்கும்போது கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் டிரம் விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தானாக ஆறவிடுங்கள். கட்டைக்குப் பதில் கல் வைத்திருந்தால், கிளம்பும்போது மறக்காமல் ரோட்டை விட்டு எடுத்துப் போடுங்கள். இரவில் பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் ஏறி விழுவார்.

மறுபடி வாணியம்பாடி வந்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஆலங்காயம் வழியாகக் காவலூர். டிரெய்லர் இழுப்பதில் தம்பி கற்றுக்கொண்டதை எனக்கும் காட்டினான். கனமான சாமான் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். கொக்கியின் மேல் விழும் பாரம் டிரெய்லர் எடையில் குறைந்தது ஐந்து முதல் ஏழு சதவீதம். 500 கிலோ டிரெய்லருக்கு 25 முதல் 35 கிலோ. குளியலறை எடை மெஷின் மேல் கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கினால் எடை தெரிந்துவிடும். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் மெல்ல விட வேண்டும். சேஃப்டி சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் நட்டை மறுபடி முறுக்குங்கள். டிரெய்லருக்கும் தனியாக ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டும்.

காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, 1986ல் திறந்தார்கள். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977ல் கவனித்த இடங்களில் இந்தக் காவலூரும் ஒன்று. ஆலங்காயம் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குப் பெரிய பெருமை. கேரவன்காரர்கள் கூரையில் சுற்றிலும் எல்.இ.டி. பட்டை போட்டிருப்பார்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் அதை எரியவிடாதீர்கள். அங்கே வானத்தை ஆராய்கிறவர்களுக்கு இருட்டுதான் வேலைக் களம்.

ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது. ஜமுனாமரத்தூரில் தெரிந்தவரின் பட்டா நிலத்தில் கேட்டு நிறுத்தினோம். சாமையும் தேனும் அவரிடமே வாங்கினோம். இரவு குளிர்ந்ததும் எல்லா ஜன்னலையும் சாத்தத் தோன்றும். சமைத்து முடித்துச் சிலிண்டரை மூடும்வரை ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே போகும் ஓட்டை அவசியம். ரெகுலேட்டர், டியூப் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்கட்டும்.

இந்த மலையில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைக்கலாம். எடை அதிகமுள்ள வண்டியைக் கயிற்றால் இழுக்கவே கூடாது. இன்ஜின் ஓடாததால் பிரேக் கட்டையாக இருக்கும், இறக்கத்தில் முன் வண்டியை இடித்துவிடும். இரும்பு டோ பார் வேண்டும், அல்லது முழு வண்டியையும் ஏற்றுகிற ரெக்கவரி லாரி. பின்சக்கரம் இழுக்கும் வண்டியை முன்னால் தூக்கிப் பின்சக்கரம் உருள இழுத்துப் போனால், கியர் பாக்ஸில் ஒரு பகுதி மட்டும் சுற்றும், இன்ஜின் நிற்பதால் ஆயில் மேலே ஏறாது, பேரிங் தீய்ந்துவிடும். இழுப்பதற்கு முன், கியர் பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் பின் ஜாயிண்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். நாலு போல்ட் வேலை. ரெக்கவரிக்குப் போன் செய்யும்போதே எடை மேடைச் சீட்டில் உள்ள எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற லாரி வரும். வேன் என்று மட்டும் சொன்னால் கார் தூக்குகிற வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

போளூர் இறங்கி, கண்ணமங்கலம் வழியாக வீடு வந்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தண்ணீர் டேங்க்கை முழுக்க வடித்து மூடியைத் திறந்து காயவிடுங்கள். ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவில் ஒரு துணியைச் செருகி இடைவெளி விடுங்கள். வீட்டு உபயோக பேட்டரியின் மெயின் சுவிட்சை அணையுங்கள், லெட் ஆசிட் என்றால் 12.6 வோல்ட்டுக்குக் கீழே கிடக்க விடாதீர்கள். சோலார் தகடு கூரையோடு ஒட்டாமல் அடியில் காற்று போகும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள், சூடேற ஏற அதன் மின் உற்பத்தி குறையும். டயரில் வெயில் படாமல் சாக்கு போட்டு மூடுங்கள், மாதம் ஒரு முறை வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சக்கரம் தரையில் நிற்கும் இடத்தை மாற்றிவிடுங்கள்.