பச்சை உடம்புக்காரி வீட்டுக்கு ஒரு கேரியர்

பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவதாக இருந்தால், அங்கே அடுப்படியில் யார் நிற்கிறாரோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே அரிசி களைய வேண்டும். பெரும்பாலும் அது பெண்ணின் அம்மா. சில வீடுகளில் மாமியார். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் தனியாகக் குடியிருக்கும் தம்பதி என்றால் கணவர். "என்ன கொண்டுவரட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்மா, நீங்க வந்து பாத்தாலே போதும்" என்றுதான் பதில் வரும். "வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கொண்டுவரேன், பத்தியத்துக்கு ஆகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுவது சுலபம். அதோடு சேர்த்து இன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எதையெல்லாம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு அசைவம் ஆகுமா, பிள்ளை பெற்றவளுக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உண்டா. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவளுக்கு இனிப்பு உருண்டையைக் கொண்டுபோய் நீட்டக் கூடாது.

பத்தியம் வீட்டுக்கு வீடு மாறும். உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை, கடலைப்பருப்பு எல்லாம் வாயு என்று தள்ளும் வீடுகள் அதிகம். தாய் சாப்பிடும் பருப்பால்தான் குழந்தைக்கு வயிறு உப்புகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனாலும் வாசலில் நின்று அதை வாதாடுவதில் யாருக்கும் பலனில்லை. அவர்கள் வகுத்த கோட்டுக்குள்ளேயே சத்தாகச் சமைக்க நிறைய இடம் இருக்கிறது. விட்டுக்கொடுக்க முடியாதது தண்ணீர் ஒன்றுதான். வயிறு பெருத்துவிடும், புண் ஆறாது என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காதவளுக்கு மலச்சிக்கல் வரும். சிசேரியன் ஆனவள் தையல் வலியோடு முக்கவேண்டி வருவது பெரிய வேதனை. கேரியரோடு ஒரு லிட்டர் பிளாஸ்க் நிறைய சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் கொண்டுபோய் அவள் கட்டிலுக்கு அருகில் வைத்துவிடுங்கள். சீரகத் தண்ணீரை எந்தப் பாட்டியும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பத்தியச் சாப்பாட்டின் உண்மையான குறை வேறு. ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் என்று நாள்கணக்கில் ஓடிவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு அது. புரதமும் கூடுதலாக வேண்டும். ஆகவே கேரியரின் ஒரு அடுக்கிலாவது பருப்போ முட்டையோ மீனோ இருந்தாக வேண்டும்.

முதல் அடுக்குக்கு மிளகு அரைத்த பூண்டுக் குழம்பு. இரண்டு நாள் தாங்கும், மிளகாய் இல்லாமல் காரம் தரும், பத்தியம் பார்க்கும் பெரும்பாலான வீடுகளில் மறுக்க மாட்டார்கள். நாட்டுப் பூண்டு 100 கிராம், ஏறக்குறைய 40 பல். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் தோல் கையோடு வரும். சின்ன வெங்காயம் 15. புளி பாதி எலுமிச்சை அளவு. பழைய புளி கிடைத்தால் நல்லது, புளிப்பு அடங்கியிருக்கும். வறுத்து அரைக்க மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மல்லி 1 மேசைக்கரண்டி, துவரம்பருப்பு 1 தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. பருப்பு சிவந்து, மல்லி மணம் வந்தபிறகு கடைசியாக வெந்தயத்தைப் போடுங்கள். அது கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், பிறகு கருப்பட்டி போட்டாலும் சரியாகாது. ஆறியதும் தண்ணீர் தெளித்து மைய அரைத்துக்கொள்ளுங்கள்.

நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் பூண்டையும் வெங்காயத்தையும் போட்டுச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வதக்க வேண்டும். பூண்டைக் கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புளித்தண்ணீரில் வெந்துவிடும் என்று நினைத்துப் பாதி வதங்கியதும் ஊற்றிவிடுகிறார்கள். புளிப்பில் விழுந்த காய் எதுவும் சீக்கிரம் மெத்தென்று ஆகாது. அரை மணி நேரம் கொதித்தாலும் பூண்டு நறுக்கென்றுதான் இருக்கும். அப்படி இருந்தால் பச்சை உடம்புக்காரிக்கு நெஞ்சு கரிக்கும். பூண்டு வதங்கியபின் 2 டம்ளர் புளிக்கரைசல், மஞ்சள்தூள், கல்லுப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பச்சை வாடை போனதும் அரைத்ததைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து இன்னொரு பன்னிரண்டு நிமிடம். எண்ணெய் மேலே மிதந்து ஓரத்தில் பிரிந்தால் இறக்கிவிடலாம். மிளகு விழுதை முதலிலேயே போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் பறந்துபோய் எரிச்சல் மட்டும் மிஞ்சும். தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள். சுவை கூடும், ஆனால் மாலைக்குள் ஊசிப்போகும். கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் பாத்திரத்தில்தான் ஊற்ற வேண்டும். அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளி வேலை செய்யும்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இதே இடத்தில் சரக்கு அரைத்த பத்தியக்கறி வரும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி (அவர்கள் பேச்சில் பூண்டு) என்று சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் அவர்கள் கைப்பக்குவத்தைக் கேட்டு வைப்பது மரியாதை.

கீரைக்கு முருங்கைதான். ஆய்வதற்குள் விரல் வலிக்கும், அதனாலேயே அந்த வீட்டில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரவே கிளைகளை ஒரு துணியில் சுற்றிக் கட்டிவைத்தால் காலையில் உதறினாலே பாதி இலை உதிரும். நரம்பை விட்டுவிட்டு ஆய்ந்து நாலு கைப்பிடி இலை எடுத்துக்கொள்ளுங்கள், வெந்தால் ஒரு சின்னக் கிண்ணம்தான் தேறும். பாசிப்பருப்பு 3 மேசைக்கரண்டியை இருபது நிமிடம் ஊறவைத்து மலர வேகவிடுங்கள், குழையக் கூடாது. நல்லெண்ணெயில் சீரகம், தட்டிய பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் வதங்கியதும் கழுவி வடித்த கீரை. மூடாமல் கிளறினால் பச்சை நிறம் நிற்கும், ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். பச்சைக் கீரையின் அளவைப் பார்த்துப் போட்டால் சுருங்கியபின் கரித்துவிடும். முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் பருப்புக்குப் பதில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றி உதிராகக் கிளறலாம். கேரியரோடு ஒரு எலுமிச்சம்பழமும் வையுங்கள். அதன் புளிப்பு கீரையின் இரும்புச்சத்தை உடம்பு ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்தச் சத்தைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

அசைவ வீடுகளில் பால் கொடுக்கிறவளுக்குப் பால்சுறாப் புட்டு என்பது ஏறக்குறைய சட்டம் மாதிரி. சுறாவுக்கு முள்ளெலும்பு கிடையாது, குருத்தெலும்புதான், அதனால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் சாப்பிட ஏற்றது. ஆனால் இரண்டு எச்சரிக்கை உண்டு. சுறாச் சதையில் இயல்பாகவே யூரியா இருக்கும், நாள்பட்டால் அது அம்மோனியாவாக மாறும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் மசாலா போட்டு மறைக்கப் பார்க்காமல் வாங்குவதையே விட்டுவிடுங்கள். இன்னொன்று, பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். குட்டிச் சுறாவாக இருந்தாலும் அடிக்கடி வேண்டாம். நெத்திலியையோ மத்தியையோ மிளகு போட்டுக் குழம்பு வைத்தால் அந்தக் கவலை குறைவு. மத்தி மீன் என்றால் முள்ளை நீங்களே எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

எல்லாவற்றையும்விட நன்றாகச் செலவாவது கருப்பு உளுந்து உருண்டை. இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் வயிற்றைக் கிள்ளும் பசி வரும். அந்த நேரத்தில் அடுப்பு மூட்ட ஆள் இருக்காது. உளுந்தங்களி மாவு கொடுப்பதைவிட உருண்டை பிடித்துக் கொடுப்பது நல்லது, களியைக் கட்டியில்லாமல் கிண்ட ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தோலோடு கருப்பு உளுந்து 250 கிராம், பச்சரிசி 2 மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை 200 கிராம், நெய் 130 மில்லி, சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, ஏலக்காய் 4. உளுந்தைக் கனத்த வாணலியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வறுக்க வேண்டும். தோல் கறுப்பு என்பதால் நிறம் மாறுவது தெரியாது. ஒரு பருப்பை நசுக்கி உள்ளே பாருங்கள், வெளிர்ப் பொன்னிறம் வந்திருந்தால் சரி. தீயைக் கூட்டி வறுத்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். அந்தப் பச்சை வாடை உருண்டையில் கடைசிவரை இருக்கும், நாக்கிலும் ஒட்டும். அரிசி பொரிந்து வரும்வரை தனியாக வறுத்து, இரண்டும் முழுக்க ஆறியபின் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையையும் சலியுங்கள், கட்டியும் தூசும் நிற்கும். கருப்பட்டிதான் வேண்டும் என்றால் துருவிச் சலிக்க வேண்டும். மழைக்காலத்தில் கசிந்த கருப்பட்டியை அப்படியே சேர்த்தால் நாலாம் நாள் பூசணம் பூக்கும்.

நெய்யை நன்றாகச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பெரிய நெல்லிக்காய் அளவில் பிடியுங்கள். சுமார் 22 வரும். களிக்கு நல்லெண்ணெய்தான் அழகு, உருண்டைக்கு அது ஆகாது. நெய் ஆறினால் உறைந்து மாவைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் உறையாது, உருண்டை உதிரும். எலுமிச்சையைவிடப் பெரிதாகப் பிடிக்காதீர்கள், கடித்து மீதி வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். ஈரமில்லாத டப்பாவில் பத்துப் பதினைந்து நாள் கெடாது.

அங்காயப் பொடியும் ஒரு சின்ன பாட்டில் வைக்கலாம். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், காய்ந்த வேப்பம்பூ, மிளகு, சீரகம், மல்லி, சுக்கு, பெருங்காயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துப் பொடிக்க வேண்டும். வேப்பம்பூவுக்கு அரை நிமிடம் போதும். வற்றலில் ஏற்கெனவே உப்பு ஊறியிருப்பதால் பொடித்து ருசி பார்த்தபின்தான் உப்பு. சூட்டோடு அரைத்தால் ஆவி கோத்துப் பொடி கட்டிதட்டிவிடும்.

லேகியம் மட்டும் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். பல வீடுகளில் ஏற்கெனவே ஒன்று கிளறி வைத்திருப்பார்கள், அவளுக்கு மருத்துவர் தந்த மாத்திரைகளும் இருக்கும்.

சாதத்தைக் கொண்டுபோவதா, அங்கேயே வைக்கச் சொல்வதா? குக்கரில் அரிசி போட ஒரு ஆள் இருந்தால் அங்கேயே வைப்பதுதான் நல்லது. கொண்டுபோனால் வடித்த சூட்டோடு ஹாட்பாக்ஸில் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. குழம்பு அப்படியல்ல. மத்தியானம் எடுத்தது போக மீதியை ஆறியவுடன் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்தால் போதும். கீரையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

அந்த வீட்டில் பத்தியம் சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டு நடந்த கணவர், இரண்டு வாரமாக மூன்று வேளையும் தனித்தனியாகச் சமைத்துக் களைத்த பாட்டி, தம்பியோ தங்கையோ வந்ததிலிருந்து யாரும் ஊட்டிவிடாத மூத்த குழந்தை. அவர்களுக்கென்று ஒரு டப்பாவில் சாம்பாரோ எலுமிச்சை சாதமோ, மூத்த குழந்தைக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலோ வையுங்கள். எந்த டப்பா யாருக்கு என்று ஒரு துண்டு டேப் ஒட்டி, சமைத்த தேதியோடு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வறுவல் அவள் தட்டுக்குப் போகும், பத்தியக் குழம்பு கணவர் தட்டுக்குப் போகும். இரண்டு லிட்டர் டப்பாவில் பாதிக்கு மட்டும் இட்லி மாவு ஊற்றிக் கொடுத்தால் அடுத்த இரண்டு நாள் காலைக்கு ஆகும். நிறைய ஊற்றினால் பொங்கிப் பிரிட்ஜ் முழுக்க வழியும், அதைத் துடைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பதினொன்றரைக்குள் போய்ச் சேருங்கள். பத்தியச் சாப்பாடு பன்னிரண்டுக்கே ஆகிவிடும், ஒரு மணிக்கு வந்த குழம்பு இரவுக்குத்தான். காலிங் பெல்லை அழுத்தாமல் போன் பண்ணிவிட்டு வாசலில் கொடுங்கள். காபி வேண்டாம் என்று செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். பாத்திரத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். நம் ஊரில் சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மனம் வராது. கழுவி, துடைத்து, உள்ளே கொஞ்சம் சர்க்கரையோ பழமோ வைத்துத்தான் கொடுப்பார்கள். நீங்கள் இறக்கிய சுமை அப்படியே திரும்ப ஏறிவிடும். குழம்பையும் கீரையையும் அங்கிருக்கும் பாத்திரங்களுக்கு நீங்களே மாற்றி வைத்துவிட்டு, கேரியரைக் கழுவாமல் அப்படியே கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.