செபுவானோ மொழியில் நாளையைச் சொல்லக் கற்றல்

டாவோ நகரில் மருத்துவம் படிக்க வந்த எனக்கு, வகுப்பறை வரை ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. நோயாளியின் படுக்கையருகே நிற்கத் தொடங்கிய நாளில்தான் செபுவானோ இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது என்பது புரிந்தது. பிலிப்பைன்ஸில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் பேசும் மொழி இது. செபு, போஹோல் தீவுகளிலிருந்து, டாவோ அமைந்துள்ள மிந்தனாவோ தீவுக்குக் குடிபெயர்ந்தவர்களால் டாவோவின் பொதுமொழியாகவும் ஆகியிருக்கிறது. இங்குள்ளவர்கள் இதை பிசாயா என்றே சொல்கிறார்கள்.

புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்ள வந்திருந்த ஒரு முதிய பெண்மணியிடம், அடுத்த வாரமும் வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா தயங்கி நின்றதைப் பார்த்து, 'வரமாட்டீர்களா அம்மா?' என்று கேட்க நினைத்த நான், 'வலா கா மொபாலிக், நனாய்?' என்றேன். உடனே அவர் முகம் வாடியது. சென்ற முறை குறித்த நாளில் தம்மிடம் 'பிளேத்தே', அதாவது ஜீப்னி என்னும் சிற்றுந்துக்கான கட்டணம், இல்லாமல் போனதை மெல்லிய குரலில் விளக்கத் தொடங்கினார். நான் உண்மையில் கேட்டது, 'நீங்கள் திரும்பி வரவில்லையா?' என்பதுதான் என்று உடனிருந்த செவிலியர் சொன்ன பிறகே விளங்கியது. வரப்போகும் நாளைப் பற்றிய கேள்வி, அவர் காதில் கடந்த நாளைப் பற்றிய குற்றச்சாட்டாக விழுந்திருந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிரவே இந்த மொழியின் எதிர்கால வடிவங்களை முறையாகக் கற்க உட்கார்ந்தேன்.

பிழையின் வேர் இரண்டு சொற்களில் இருந்தது. நடக்கவில்லை என்று சொல்ல 'வலா', நடக்காது என்று சொல்ல 'டிலி'. 'வலா கோ மொபாலிக்' என்றால் நான் திரும்பவில்லை. 'டிலி கோ மொபாலிக்' என்றால் நான் திரும்பமாட்டேன். வினைச்சொல் இரண்டிலும் 'மொபாலிக்'தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 'மொ' என்னும் முன்னொட்டு எதிர்காலத்தைக் காட்டும் என்று மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அது கடந்தகால மறுப்பில் எப்படி வரும் என்பது முதலில் பிடிபடவேயில்லை. இந்த மொழியின் வினை, காலத்தைப் பார்ப்பதைவிட, ஒரு செயல் தொடங்கிவிட்டதா இன்னும் தொடங்கவில்லையா என்பதையே பார்க்கிறது. நேற்று நான் வராமலிருந்தால், வருதல் என்ற செயல் நேற்றும் தொடங்கவில்லை. ஆகவே தொடங்காத வடிவமே அங்கும் நிற்கிறது. தமிழில் 'வரவில்லை' என்னும்போது 'வர' என்பதில் காலம் ஏதும் இல்லை என்பதையும், எதிர்கால மறுப்புக்கு நாம் 'மாட்டேன்' என்னும் வேறொரு சொல்லை நாடுவதையும் நினைத்துப் பார்த்தபோது, வலாவும் டிலியும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

தமிழ் எனக்குத் தந்த இன்னொரு துணையையும் சொல்ல வேண்டும். 'மொகாஓன் கோ ஒக் இஸ்டா' என்ற தொடருக்கு, நான் மீன் சாப்பிடப்போகிறேன் என்றும் பொருள் கொள்ளலாம், மீன் உண்ணும் வழக்கம் எனக்கு உண்டு என்றும் பொருள் கொள்ளலாம். இது சிலருக்குக் குழப்பம் தருகிறது. ஆனால் 'நான் மீன் சாப்பிடுவேன்' என்ற நம் தொடரிலும் அதே இரண்டு பொருள்கள் உள்ளன அல்லவா? எனவே ஒரு நோயாளி மதுவைப் பற்றி 'மொஇனோம் கோ', அதாவது குடிப்பேன், என்று சொன்னால், அவர் இன்று மாலைத் திட்டத்தைச் சொல்லவில்லை, பழக்கத்தைச் சொல்கிறார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. செய்பவரைவிடச் செயப்படுபொருள் முதன்மை பெறும் தொடர்களில் வடிவம் வேறு. நேற்று வாங்கியது 'கிபாலிட்', நாளை வாங்கப்போவது 'பாலிடொன்'. அது பழகப் பழக வந்துவிடும்.

காலப் பெயர்களில் மருத்துவமனைக்கு இன்றியமையாதவை சில. நாளை என்பது 'உக்மா'. நாளை மறுநாள் 'சுனொட் உக்மா', அதாவது அடுத்த நாளை. இன்றே சற்றுப் பின்னர் என்பதற்கு 'உன்யா', இன்று சற்று முன்பு என்பதற்கு 'கனினா'. உக்மாவுக்கு மாறாக வாய் தவறி உன்யா என்று சொல்லிவிட்டால், நோயாளி வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் மாலை வரை காத்திருப்பார். கிழமைகளுக்கும் இப்படியொரு வேறுபாடு உண்டு: 'சா லூனெஸ்' வரும் திங்கள், 'நியாட்டோங் லூனெஸ்' கடந்த திங்கள். கிழமைப் பெயர்களும் மணிக்கணக்கும் ஸ்பானியர் ஆட்சியில் வந்து தங்கியவை. ஆனால் மாதத்தைக் குறிக்கும் 'புலான்' இம்மண்ணின் சொல். அதற்கு நிலா என்பதே முதற்பொருள். நம் திங்களும் அப்படித்தான் என்று நான் சொன்னபோது, வீட்டு உரிமையாளரான அக்கா அந்தத் தமிழ்ச் சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்தார்.

தமிழால் நான் தடுமாறிய இடமும் ஒன்று உண்டு. இன்றும் என் கவனம் முழுவதும் அங்கேதான் தேவைப்படுகிறது. 'நேற்று வீட்டுக்குப் போனதும் தூங்கிவிட்டேன்', 'நாளை வீட்டுக்குப் போனதும் மாத்திரை சாப்பிடுங்கள்' என்று நாம் இரண்டுக்கும் 'போனதும்' என்ற ஒரே வடிவத்தை ஆள்கிறோம். முறையான செபுவானோவில் இவை பிரியும். நடந்து முடிந்ததற்கு 'பக்', நடக்கவிருப்பதற்கு 'இனிக்'. 'பக்-அபோட் நாகோ சா பலாய்' என்றால் நான் வீடு சேர்ந்தபோது. 'இனிக்-அபோட் நிமோ சா பலாய், இம்னா ஆங் தம்பால்' என்றால் நீங்கள் வீடு சேர்ந்ததும் மருந்தைக் குடியுங்கள். இளையவர்கள் பேச்சில் பக் இரண்டு இடங்களிலும் புழங்குவதைக் கேட்கிறேன். ஆயினும் மருந்து எப்போது உண்ண வேண்டும் என்று ஒரு முதியவருக்குச் சொல்லும்போது ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதால், நான் இனிக் என்பதையே விடாமல் பயன்படுத்துகிறேன். எப்போது என்று கேட்பதற்கும் பழைய வழக்கில் இரண்டு சொற்கள் இருந்தன: வரப்போவதற்கு 'அனுஸா', கடந்ததற்கு 'கனுஸா'. இப்போது பெரும்பாலும் கனுஸாவே இரண்டுக்கும் வருகிறது.

கடைசியாகக் கற்றதும் எனக்கு மிகவும் பிடித்ததும் 'புஹோன்' என்ற சொல். இறைவன் அருளினால் ஒருநாள் நடக்கும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு சொல் சுமக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லும் இடத்தில் இங்குள்ளவர்கள் இதைச் சொல்கிறார்கள். பட்டம் பெறுவது, வீடு கட்டுவது, நோய் நீங்குவது எல்லாவற்றோடும் இது சேரும். புஹோன் என்றால் தட்டிக்கழிப்பு என்று சிலர் எண்ணுவது சரியல்ல என்பது என் கருத்து. சொல்பவர் தம் விருப்பத்தை முழுதாக வெளியிட்டு, முடிவை மட்டும் தம் கையில் இல்லாத ஒன்றிடம் விடுகிறார். ஆனால் நான் அதைச் சொல்லும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆய்வக முடிவு நாளைக் காலை வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தால், 'உக்மா சா புன்டாக்' என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரத்தையும் அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன். கட்டு மாற்ற வந்த அந்த அம்மா, 'அடுத்த வாரம் வருகிறேன், புஹோன்' என்று விடைபெற்றபோதோ, நானும் 'புஹோன், நனாய்' என்றேன். ஜீப்னிக் கட்டணம் அவருக்குக் கிடைக்குமா என்பது எனக்கும் தெரியாததாக இருந்தது.