தக்காரில் தங்க ஓர் அறை

செனகலின் தலைநகரான தக்காரில் விடுதி தேடுபவர், விலையைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட பிளேஸ் தியாஞ் விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், நள்ளிரவில் வந்திறங்குபவர்கள் டாக்சிச் செலவையும் அறை வாடகையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கோரே தீவுக்குப் படகு புறப்படும் துறைமுகத்தை ஒட்டிய பிளாட்டோ பகுதி அலுவல் நிமித்தமாக வருபவர்களுக்கு வசதியானது. மாலையில் கடற்காற்று வாங்க விரும்புபவர்களுக்கோ நான் நகரின் கடலோரப் பகுதியான ங்கோர் பக்கத்தையே சொல்வேன்.

வாடகையைக் கூட்டுவது பெரும்பாலும் ஏசிதான். டிசம்பர் முதல் மார்ச் வரை கடற்காற்று குளிர்ச்சியாக வீசுவதால், ஜன்னல் நன்றாகத் திறக்கும் அறையில் மின்விசிறியே போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலப் புழுக்கத்தில் இந்தச் சிக்கனம் செல்லாது. அப்போது ஜெனரேட்டர் உண்டா என்றும் கேட்டுவிட வேண்டும். கொசுவலையைக் கட்டிலின் நான்கு மூலைகளிலும் இழுத்துச் செருகி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது உத்தமம்.

சிறு விடுதிகளில் ரொக்கமே எளிது. ஒரு யூரோவுக்கு 655.957 சி.எஃப்.ஏ. பிராங்க் (செனகலின் நாணயம்) என்று மாற்று விகிதம் நிலையாக இருப்பதால், யூரோவில் திட்டமிடுபவர்களின் கணக்கு இடையில் மாறாது.